பேரேடு தொழிலாளர் கைக்கும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செட்டிநாட்டில் வணிகக் கல்வி கல்லூரியில் தொடங்கியதன்று. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் நகரத்தார் கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழிலும் வணிகமும் செய்யப் போன காலத்தில், சிறு வயதிலேயே பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாக, கிட்டங்கி என்னும் தொழிற்கூடத்தில் சேர்ந்தவன், மூத்தவர்கள் எழுதுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தே குறிப்பும் (அன்றாடக் கணக்கு) பேரேடும் ஐந்தொகையும் (ஆண்டிறுதிக் கணக்கு) கற்று, முதலாளியின் முகவருக்கு உதவியாளரான அடுத்தாளாக உயர்ந்தான். ஆனால் அதே ஊர்களில் தரைக்கல் வார்த்தவர்களுக்கும் ஓலை முடைந்தவர்களுக்கும் அந்தப் படிப்பு எட்டவில்லை. இன்றும் எட்டவில்லை என்பதே என் மனக்குறை.

சென்ற மாதம் ஆத்தங்குடியில் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கரண்டியால் சாயத்தை அளவாக ஊற்றி, அச்சை எடுத்து, மேலே சிமென்டும் மணலும் இட்டு அழுத்தினார் ஒரு தொழிலாளி. ஒரு கல்லுக்கு என்ன அடக்கம், அதாவது செய்ய ஆகும் மொத்தச் செலவு என்ன என்று கேட்டேன். சிமென்டு, மணல், சாயம் மூன்றையும் விரல்விட்டுச் சொன்னார். உடைந்த கண்ணாடியும், மழையால் கல் காயாமல் கிடந்த நாட்களும், தம் சொந்த உழைப்பும் அவர் கணக்கில் இல்லை. அடக்கம் தெரியாதவர் விலை சொல்ல முடியாது. வாங்க வருபவர் சொல்வதுதான் விலை.

கணக்கைத் தம் கையில் எடுத்து நிமிர்ந்த ஓர் ஊரைச் சொல்கிறேன். கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், கேப் பிரெட்டன் தீவில், மெம்பர்டூ என்னும் மிக்மாக் பழங்குடி ஊர் இருக்கிறது. நகரத்துக்குள் நல்ல இடத்தில் இருந்த அவர்களின் குடியிருப்பை 1916இல் நீதிமன்ற ஆணை பெற்று, பின்னர் அப்புறப்படுத்தினார்கள். பழங்குடி ஒதுக்கீட்டு நிலத்தை வெளியார் ஜப்தி செய்ய முடியாது என்பது அந்நாட்டுச் சட்டம். நிலத்தைக் காக்கும் அந்த விதியே வங்கிக் கடன் கிடைப்பதைக் கடினமாக்கியது. 1990களின் நடுவில் ஊர்க் கணக்கே பற்றாக்குறையில் இருந்தது. அப்போது அவர்கள், டொரன்டோவில் வழக்கறிஞராக இருந்த தம்மவர் ஒருவரைத் திரும்ப வரவழைத்து, முதலில் கணக்கையும் நிர்வாகத்தையும் ஒழுங்குபடுத்தினார்கள். 2002இல், நிர்வாக முறையின் தரத்துக்கு உலக அளவில் வழங்கப்படும் ஐஎஸ்ஓ 9001 சான்று பெற்றார்கள். பிறகுதான் பெரிய கூட்டாளிகள் நம்பி வந்தார்கள். 2021இல், கிளியர்வாட்டர் என்னும் கடலுணவு நிறுவனத்தைச் சுமார் 100 கோடி கனடிய டாலருக்கு வேறொரு நிறுவனத்துடன் சேர்ந்து வாங்கியபோது, பாதி உரிமை மிக்மாக் ஊர்களின் கூட்டமைப்புக்கு வந்தது. அருகிலுள்ள கேப் பிரெட்டன் பல்கலைக்கழகத்திலோ, பழங்குடியினரின் வணிகக் கல்விக்கென்றே 2010இல் ஓர் ஆய்விருக்கை (தனி ஆய்வுப் பேராசிரியர் பதவி) ஏற்படுத்தப்பட்டு, அவர்கள் நடத்தும் தொழில்களே பாடமாயின.

அவர்கள் நிலம் இழந்த வரலாறு வேறு, நம் தொழிலாளர் நிலை வேறு என்பதை அறிவேன், இரண்டையும் ஒன்றாக்கவில்லை. ஆனால் உடைமையும் கணக்கும் முடிவெடுக்கும் உரிமையும் ஒரே கையில் இருக்க வேண்டும் என்ற அவர்களின் வழி நமக்கும் பொருந்தும். ஓலைக் கூடையான செட்டிநாட்டுக் கொட்டானுக்கும், 2019இல் காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது மகிழ்ச்சிதான். குறியீடு பெயரைக் காக்கும். முடைபவருக்கு எவ்வளவு சேர வேண்டும் என்று அது சொல்லாது.

ஆகவே நம் பகுதிக் கல்லூரிகளின் வணிகவியல் துறைகளை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். கொட்டான் முடையும் பெண்களின் சுயஉதவிக் குழுக்களோடும் தரைக்கல் தொழிலாளரோடும் கலந்து பேசி, அடக்கவிலை, வரவு செலவு, ஜிஎஸ்டி, கூட்டுறவுச் சங்கம் அமைக்கும் முறை ஆகியவற்றைத் தமிழில், வேலை முடியும் மாலை நேரத்தில், அவர்கள் இடத்திலேயே கற்றுத் தர வேண்டும். பாடத்திட்டத்தை முடிவு செய்யும் குழுவில் பாதிப் பேராவது அவர்களாக இருக்க வேண்டும். அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்துச் சான்றிதழும் நிழற்படமும் கொடுத்து அனுப்பும் ஒருநாள் பயிற்சிகளை நானே பலமுறை நடத்தியிருக்கிறேன். அவற்றால் யாருடைய வரவும் கூடியதாக நான் பார்க்கவில்லை, அந்த வருத்தம் எனக்கு உண்டு.

கல்லூரிகள் முன்வந்தால், ஊதியம் எதுவும் பெறாமல் வாரம் இரண்டு மாலை வகுப்பெடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியர்,
காரைக்குடி