ப்ளோயரைக் கழற்றும் முன்

சேலம்

அன்புள்ள கண்ணு,

உன் மண் அள்ளும் லோடரில் ஹீட்டர் ப்ளோயர், அதாவது சூடான காற்றைக் கேபினுக்குள் தள்ளும் மோட்டார் விசிறி, வேலை செய்யவில்லை என்று நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. கனடாவில் மைனஸ் 30 டிகிரியில் லோடர் ஓட்டுகிறாய். ஹீட்டர் காற்று நின்றால் கை மரத்துப்போவதோடு முடியாது. கண்ணாடியில் பனி படிந்து, எதிரே நிற்கிற ஆளே தெரியாது. சரிசெய்யும்வரை அந்த வண்டியில் வேலைக்கு ஏறாதே. யார் அவசரப்படுத்தினாலும் ஏறாதே.

இங்கே ஹீட்டருக்கு வேலையில்லை. ஏற்காட்டு மார்கழிக்கே ஒரு ஸ்வெட்டர் போதும். ஆனால் ஏசி காற்றைத் தள்ளுவதும் அதே ப்ளோயர்தானே. மாமாங்கம் பக்கத்து மேக்னசைட் சுரங்கத்தில், வெள்ளைத் தூசி அடைத்து நின்ற மோட்டார்கள் எத்தனையோ என் கையால் கழற்றியவை.

முதலில் வண்டியை ஷெட்டுக்குள் விட்டுச் சூடேற விடு. அந்தக் குளிரில் பிளாஸ்டிக் மூடி தொட்டால் உடையும். கழற்றும் முன் ஃபியூஸைப் பார். மோட்டாருக்கு வரும் வயர் கனெக்டரில் 24 வோல்ட் வருகிறதா என்று பார். வேகமான நிலையில் மட்டும் சுற்றுகிறது என்றால் பெரும்பாலும் வேகத்தைக் குறைக்கிற ரெசிஸ்டர்தான் போயிருக்கும். மோட்டாரைக் குறை சொல்லாதே. பிறகு பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்று, மாட்டும்போது கடைசியாக மாட்டு. வண்டியை ஷெட்டுக்குள் விட்டுச் சூடேற விடு. அந்தக் குளிரில் பிளாஸ்டிக் மூடி தொட்டால் உடையும். சுடுதண்ணீர் ஹோஸ்களைத் தொடாதே, மோட்டாருக்காக அவற்றைக் கழற்றத் தேவையில்லை. விசிறி இதழில் சின்னக் கம்பிக் கிளிப் இருந்தால் பிடுங்கிவிடாதே. அது ஆட்டம் வராமலிருக்கப் போட்ட எடை.

இன்னொன்று. சில மோட்டார்களில் விரல் தடிமனில் ஒரு ரப்பர் குழாய் இருக்கும். மோட்டாரையே குளிர்விக்கிற காற்று அதன் வழியாகத்தான் போகிறது. நீ ஆறாம் வகுப்புப் படித்த வருடம், ஒரு எக்ஸ்கவேட்டரில் அதை மாட்ட மறந்துவிட்டேன். ஒரே வாரத்தில் மோட்டார் கருகியது. புதியது வரும்வரை பத்து நாள், சித்திரை வெயிலில், அந்த ஆபரேட்டர் கதவைத் திறந்துவைத்துத் தூசியைத் தின்றுகொண்டே ஓட்டினார். இமைமுடியெல்லாம் வெள்ளையாக, ஒரு வார்த்தை குறை சொல்லாமல் என் முன்னால் வந்து நின்றார். அந்த முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. குழாயை மாட்டிவிட்டு, கையால் இழுத்துப் பார்த்த பிறகே மூடியைப் போடு.

ஓடவிட்டதும் காற்று வரும் துவாரத்தில் கைவைத்துப் பார். விசிறி சுற்றியும் காற்று சோர்ந்து வந்தால் வயர் மாறி, அது எதிர்ப்பக்கம் சுற்றுகிறது.

பழைய மோட்டாரை எறிந்துவிடாதே. பிரித்துப் படம் எடுத்து அனுப்பு. கார்பன் பிரஷ் தேய்ந்ததா, அச்சைத் தாங்கும் புஷ் இறுகியதா என்று நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா