கராம்பு எண்ணெயால் பல்லைத் திறக்க முடியாது

மாவட்டத்தின் பல் மருத்துவ சேவைக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். பல்லைக் கழற்றாமல் வேரின் உள்ளே சுத்தம் செய்து காப்பாற்றுகிற வேர்ச் சிகிச்சை திருகோணமலையில் எப்போது தொடங்கும் என்று கூட்டத்தில் நாங்கள் கேட்டதும், மேடையிலிருந்து வந்த பதிலும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கறுவா எண்ணெயும் கராம்பு எண்ணெயும் பல் வேரில் உள்ள கிருமியைக் கொல்லும் என்று ஆராய்ச்சியே சொல்கிறதாம். எங்கள் மண்ணின் மருந்தை நாங்களே மறந்துவிட்டோமாம். கைதட்டலும் கிடைத்தது. பின்வரிசையில் சிலர் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்ததால் தட்ட முடியவில்லை.

ஆராய்ச்சி பொய் என்று நான் சொல்லவில்லை. வேர்ச் சிகிச்சை தோற்ற பற்களில் அடிக்கடி காணப்படுகிற என்டரோகோக்கஸ் ஃபீகாலிஸ் என்ற பக்டீரியா, வேருக்குள் வைக்கிற மருந்தான கல்சியம் ஹைட்ரொக்சைட்டுக்கே தாக்குப்பிடிக்கக்கூடியது. அதைக் கறுவாப்பட்டை எண்ணெயின் சின்னமால்டிஹைடும் கராம்பின் யூஜினோலும் ஆய்வுகூடத்தில் அடக்கியிருக்கின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் அதெல்லாம் கிருமி வளர்க்கிற ஆய்வுகூடத் தட்டிலும் பிடுங்கிய பல்லிலும் நடந்தவை. வாய்க்குள் இருக்கிற பல்லை முதலில் ஒருவர் துளைக்க வேண்டும், வேருக்குள் ஓடும் கால்வாயைத் தேடிப்பிடித்து ஃபைல் என்ற ஊசி போன்ற மெல்லிய அரத்தால் சுரண்ட வேண்டும், சோடியம் ஹைப்போகுளோரைட்டால் கழுவ வேண்டும். செத்த சதையைக் கரைப்பது அந்தத் திரவம்தான். எண்ணெய்க்கு அந்த வேலை வராது.

மேடையில் சொன்னதை நம்பி அம்மா கராம்பு எண்ணெயில் பஞ்சைத் தோய்த்துக் கடைவாய்ப் பல்லில் வைத்துக்கொண்டு படுத்தார். யூஜினோல் மரத்துப்போகச் செய்யும், அதனால் விடியும்போது வலி குறைந்திருந்தது. ஆனால் பஞ்சு நழுவிக் கிடந்த இடத்தில் கன்னத்தின் உட்பக்கம் வெள்ளையாக வெந்து, தோல் உரிந்து வந்தது. உறைப்பு, புளி எதுவும் தொட முடியாமல் பாலில் நனைத்த பாணோடு இருந்தார். சீழ் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. முகம் வீங்கிய பிறகு கிளினிக்குக் கூட்டிப்போனால், "கழற்றலாம், இல்லையென்றால் கண்டிக்குப் போங்கோ" என்றார்கள்.

போனோம். வேர்ச் சிகிச்சை ஒரே நாளில் முடியாவிட்டால், உள்ளே மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்து அனுப்புவார்கள். அடைப்பு போனால் எச்சில் உள்ளே இறங்கும், கிருமி பழையபடி குடியேறும். அம்மாவின் அடைப்பு திரும்பி வரும் பஸ்ஸிலேயே, ஹபரணை தாண்டுமுன் உடைந்தது. அதைத் திரும்ப வைக்க இங்கே ஆள் இல்லை. கடைசியில் பல்லைக் கழற்றினோம். இத்தனைக்கும் அப்படியான அடைப்புக்குச் சிங்க் ஒக்சைட்டோடு குழைப்பது யூஜினோலைத்தான். பல் வைத்தியர்கள் கராம்பை மறக்கவே இல்லை, ஐயா.

எங்கள் திருகோணமலைச் சீனக்குடாவில் 99 எரிபொருள் எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. ஒன்றில் கராம்பு எண்ணெயை நிரப்பினால் மாவட்டத்துக்கே பல் வைத்தியம் முடிந்துவிடும் போலிருக்கிறது. சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

நாங்கள் கேட்பது பெரிதில்லை. கிழமைக்கு ஒரு நாளாவது இங்கே வேர்ச் சிகிச்சை நடக்க வேண்டும். பயிற்சி பெற்ற வைத்தியர் ஒருவர், ஒரு கதிரை, ஃபைல், எக்ஸ்ரே. எண்ணெயை ஆராய விருப்பமென்றால் சித்த மருத்துவம் படிப்பிக்கிற பல்கலைக்கழக வளாகம் கோணேசபுரியிலேயே இருக்கிறது. பல் வைத்தியர்களோடு சேர்ந்து தாராளமாக ஆராயட்டும். அதுவரை மேடையில் மருந்து சொல்லாதீர்கள். வேர்ச் சிகிச்சை எந்த மாதம் தொடங்கும் என்பதைத் தயவுசெய்து எழுத்தில் அறியத் தாருங்கள்.

இப்படிக்கு,
உப்புவெளியிலிருந்து ஒரு மகள்