எடைக்குப் போடும் முன் கதவுப் பூட்டைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பின் கேள்வி பதில் பகுதியில் கோயம்புத்தூர் வாசகர் ஒருவர், அப்பா காலத்து மெர்சிடிஸ் 300டி வைத்திருக்கிறேன், ஆட்டோமேடிக்கில் கியர் மாறும்போதெல்லாம் முதுகில் குத்துகிற மாதிரி இடிக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். பதில் இரண்டே வரி. கியர்பாக்ஸ் போய்விட்டது, புதுப்பேட்டையில் அதே மாதிரி வண்டியிலிருந்து கழற்றிய பழைய பெட்டி கிடைத்தால் மாட்டுங்கள், கிடைக்காவிட்டால் வண்டியைக் கொடுத்துவிடுங்கள். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே வயிற்றெரிச்சலும். இதே பதிலை ஒரு மெக்கானிக் வாயால் கேட்டு, அதை அப்படியே நம்பி, மூன்று சனிக்கிழமைகளைத் தொலைத்தவன் நான்.

நான் இருப்பது கலிபோர்னியாவில். 1997-க்கும் அதற்கு முந்திய மாடல் டீசல் வண்டிகளுக்கு இங்கே புகைச் சோதனை கிடையாது, அதனால் பழைய டீசல் பென்ஸ்கள் இன்னும் தெருவில் ஓடுகின்றன. என்னுடையது 1983-ம் வருடத்து 300டி, டர்போ வைத்த மூன்று லிட்டர், ஐந்து சிலிண்டர் எஞ்சின். டபிள்யூ 123 என்று சொல்லும் இந்த உடம்பில் மட்டும் ஏறக்குறைய 27 லட்சம் கார்கள் செய்தார்கள். எஞ்சின் சாகாது. எல்லோரும் பயப்படுவது அதற்குப் பின்னால் இருக்கும் நாலு கியர் பெட்டிக்குத்தான்.

என் வண்டியும் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது இடித்தது. கூடவே இன்னொன்று: சாவியைத் திருப்பி எடுத்த பிறகும் எஞ்சின் மூன்று நான்கு விநாடி ஓடிவிட்டுத்தான் அடங்கும். வயதான வண்டி, மூச்சு வாங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். இதை ஞாபகத்தில் வையுங்கள்.

மெக்கானிக் கைவிரித்ததும், பக்கத்து அப்பார்ட்மெண்டில் இருக்கும் மதுரைக்கார அண்ணனைக் கூட்டிக்கொண்டு, நாமே ஸ்பேனரோடு போய்க் கழற்றிக்கொள்ளும் காயலான் கடைக்குப் போனேன். அங்கே கிடந்தது 1982-ம் வருடத்து 300எஸ்டி. பெரிய உடம்பு, ஆனால் எஞ்சின் என்னுடையதற்கு உடன்பிறப்பு, பெட்டியும் 722.3 என்ற அதே மாடல் குடும்பம். பின்பக்கம் நசுங்கி வந்திருந்தது. பழைய பெட்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பேன். பின்னால் அடிபட்ட வண்டி அன்று காலை வரை ஓடிக்கொண்டிருந்த வண்டி. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் வந்து கிடக்கும் வண்டி எதனால் அங்கே வந்தது என்று யோசியுங்கள், பெரும்பாலும் அந்தப் பெட்டியால்தான். அப்புறம் கியர்பாக்ஸின் ஆயில் குச்சியை உருவி மோந்து பாருங்கள். சிவப்பாக, லேசான எண்ணெய் வாடை என்றால் சரி. கறுத்து, கருகிய வாடை அடித்தால் குச்சியைத் திருப்பிச் செருகிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

அதைவிட முக்கியம் எண். அடியில் ஆயில் தங்கும் தட்டுக்கு (பேன்) மேலே பெட்டியின் உடம்பிலேயே குத்தியிருப்பார்கள். 722, ஒரு புள்ளி, அப்புறம் மூன்று இலக்கம். எழுபதுகளில் வந்தது 722.1, எண்பதுகளில் வந்தது 722.3. இரண்டும் பென்ஸ், இரண்டும் நாலு கியர், எஞ்சினும் ஒரே வம்சம், ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை மாட்டப் போனால் தலைவலிதான். ஒரே குடும்பத்துக்குள்ளும் அந்தக் கடைசி இலக்கங்கள் எந்த எஞ்சினுக்கு, எந்த வண்டிக்கு அமைத்தது என்பதைச் சொல்லும். நம் ஊரில் இருக்கும் 300டி பெரும்பாலும் டர்போ இல்லாதது, அதனால் கோவை வாசகர் நான் மாட்டியதைப் பார்த்து மாட்டக் கூடாது, தன் பெட்டியின் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பெட்டியைக் கழற்றும்போது எந்த வண்டி, எந்த எஞ்சின் என்று ஒரு சாக்குக்கட்டியில் எழுதி வையுங்கள். எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் கன்வெர்ட்டரைப் பிரித்துத் தனியாக விற்காதீர்கள், அது பெட்டியோடு போகட்டும்.

கழற்றுவது சிரமம், புதிர் இல்லை. முன்னால் கிராங்க் போல்ட்டில் 27 மில்லிமீட்டர் சாக்கெட் போட்டு எஞ்சினைக் கையால் சுற்றிச் சுற்றி, கன்வெர்ட்டர் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கீழே கொண்டுவந்து எடுக்க வேண்டும். ஸ்டார்ட்டரை இறக்க வேண்டும், பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் கார்டன் ஷாஃப்ட்டின் ரப்பர் டிஸ்க்கைப் பிரிக்க வேண்டும், பெட்டிக்கு மேலே இருக்கும் இரண்டு போல்ட்டுக்குக் கைக்கு எட்டாமல் மூன்று எக்ஸ்டென்ஷன் சேர்த்து ஒரு முழ நீளத்தில் ராட்செட் வைத்து, அண்ணன் ஒருபக்கம் பிடிக்க நான் மறுபக்கம் திட்டிக்கொண்டே திருப்பினோம். அது வேறு கதை.

மாட்டும்போதுதான் பழைய பெட்டியைக் கொன்றுவிடுவார்கள். கன்வெர்ட்டர் பெட்டிக்குள் முழுதாக உட்கார வேண்டும். லேசாகத் தூக்கிச் சுற்றிக்கொண்டே தள்ளினால் ஒரு 'டொக்', கொஞ்சம் உள்ளே போகும், மறுபடி சுற்றினால் இன்னொரு 'டொக்'. கடைசி டொக் விழாமல் பெட்டியை எஞ்சினோடு சேர்த்தால் நடுவில் விரல் இடைவெளி நிற்கும். போல்ட்டை முறுக்கி இழுத்துவிடலாம் என்று ஆசை வரும். இழுத்தால் உள்ளே பம்ப் உடையும், வாங்கிய பெட்டி அந்த நிமிடமே காலி. இடைவெளி கையால் தள்ளியே மூட வேண்டும், மூடிய பிறகும் கன்வெர்ட்டர் தாராளமாகச் சுற்ற வேண்டும்.

இன்னொன்று, ஆயில் குளிர்விக்கிற குழாய் ரேடியேட்டருக்குள் போய் வருகிறது. பழைய பெட்டி தேய்ந்த தூள் அங்கே தங்கியிருக்கும். அதைக் கழுவாமல் மாட்டினால் செத்தவனின் வியாதி வந்தவனுக்கும் ஒட்டிக்கொள்ளும். பில்டரும் முன் சீலும் தரையில் கிடக்கும்போதே மாற்றிவிடுங்கள், மேலே ஏற்றிய பிறகு யாரும் மாற்றப் போவதில்லை. கன்வெர்ட்டரையும் வடித்திருந்தால் ஆறு லிட்டருக்கு மேல் குடிக்கும், ஆனால் ஒரேயடியாக ஊற்றாதீர்கள். குச்சியில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே வெறும் 0.3 லிட்டர்தான், அதையும் சமதரையில், சூடேறிய பிறகு, பார்க்கிங்கில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும்.

எல்லாம் ஒழுங்காகச் செய்து வண்டியை ஓட்டினேன். இரண்டிலிருந்து மூன்று. அதே இடி.

அண்ணன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து நிறுத்தினேன், சாவியை எடுத்தேன், எஞ்சின் அடங்காமல் ஓடிக்கொண்டிருந்தது. "தம்பி, இது ஏன் நிக்க மாட்டேங்குது?" என்று அவர் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

டீசல் எஞ்சினில் பெட்ரோல் வண்டி மாதிரி தானாக வேக்குவம், அதாவது காற்றை உறிஞ்சி இழுக்கும் வெற்றிடம், வராது. அதனால் இதில் முன்னால் தனியாக ஒரு வேக்குவம் பம்ப் வைத்திருக்கிறார்கள். அதே பம்ப்தான் எஞ்சினை நிறுத்துகிறது, நாலு கதவையும் பூட்டுகிறது, பிரேக்குக்கு உதவுகிறது. எவ்வளவு மிதிக்கிறோம் என்று கியர்பாக்ஸுக்குத் தகவல் போவதும் அதே வேக்குவத்தை ஒரு வால்வு குறைத்துக் கூட்டித்தான். எங்காவது கசிந்தால், முழுதாக மிதிக்கிறார்கள் என்று பெட்டி நினைத்துக்கொண்டு அழுத்தத்தை ஏற்றி கியரை அறைந்து போடும். என் வண்டியில் பின்னால் இடது கதவின் பூட்டுக்குள் இருந்த ரப்பர் ஜவ்வு கிழிந்திருந்தது. அதற்குப் போகும் சின்னக் குழாயைப் பிடுங்கி, அதன் வாயில் ஒரு கோல்ஃப் டீயை, அதாவது கோல்ஃப் பந்தை நிறுத்தி வைக்கும் சின்னக் குச்சியை, சொருகினேன். எஞ்சின் உடனே நின்றது. கியர் இடிக்காமல் வெண்ணெய் மாதிரி மாறியது.

என் சொந்தப் பெட்டி அதற்கு முந்தின வாரமே எடைக்குப் போயிருந்தது.

எல்லாப் பெட்டியும் நல்ல பெட்டி என்று சொல்லவில்லை. கியர் இடிக்காமல் வழுக்கினால், ஆயில் கருகினால் அது வேறு. ரிவர்ஸ் மட்டும் போய் முன்னால் நகரவே மாட்டேன் என்றால் உள்ளே பி-2 பிஸ்டன் உடைந்திருக்கலாம், அதற்கும் முழுப் பெட்டி தேவையில்லை, அந்தப் பிஸ்டனை மாற்றத் தெரிந்த ஆள்தான் தேவை. ஆனால் கோவை வாசகர் சொன்னது இடி. அவர் இன்று மாலையே வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்து, எத்தனை விநாடியில் அடங்குகிறது என்று பார்க்கட்டும். இழுத்தால், கதவுப் பூட்டுகளுக்குப் போகும் வேக்குவம் குழாயை எஞ்சின் பக்கத்திலேயே அடைத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கட்டும், கோல்ஃப் டீ இல்லாவிட்டால் சரியான அளவில் ஒரு ஸ்க்ரூ போதும். அந்த வேக்குவத்தை வாங்கிப் பெட்டியின் அழுத்தத்தை மாற்றும் மாடுலேட்டரின் ரப்பர் மூடியை யாராவது திறந்து திருகப் போனால் கையைத் தட்டிவிடட்டும். அப்படியும் இடித்தால், புதுப்பேட்டைக்குப் போகட்டும், தன் பெட்டியின் எண்ணைச் சட்டைப் பையில் எழுதி வைத்துக்கொண்டு.

இப்படிக்கு,
ஒரு பழைய டீசல் வண்டிக்காரன்,
சான் ஹோசே, கலிபோர்னியா