பன்பாய்க்கு ஒரு பேஸ்புக் பக்கம்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாமியின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்து, அவர் மறுபடியும் பாய் இழைக்க அமர்ந்துவிட்டார் என்று வாசித்தபோது மனம் நிறைந்தது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். மகனுக்கு வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இது இறுதி ஆண்டு. மகள் கைத்தறிக் கடையில் எனக்குத் துணையாக நிற்கிறாள். உன் ஊரான திருக்கோவிலுக்கு வந்து உன்னுடன் இரண்டு நாள் தங்க வேண்டும் என்ற எண்ணம் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது. வரும்வரை காத்திராமல், நீ கேட்டிருந்ததற்கு இந்தக் கடிதத்திலேயே விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

உங்கள் ஊர்ப் பெண்கள் பன் என்ற புல்லில் இழைக்கும் பன்பாய்களுக்கு ஒரு பேஸ்புக் பக்கம் அமைத்து, மாதந்தோறும் ஒரு தொகை கொடுத்தால் ஆயிரக்கணக்கில் லைக்குகளும் சேர்த்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார், அதற்கு ஒப்புக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் என்பதே என் முடிவான கருத்து. விலைக்கு வாங்கும் லைக்குகளுக்குப் பின்னால் பாய் வாங்கும் மனிதர்கள் இல்லை. அவற்றிற் பெரும்பாலானவை எங்கோ ஒரு மூலையில் இதற்கென்றே திறக்கப்பட்ட போலிக் கணக்குகள். ஒரு பதிவை யாருக்குக் காட்டுவது என்று பேஸ்புக் தீர்மானிக்கும்போது, அந்தப் பதிவை ஒருவர் நின்று பார்ப்பாரா, அதைப் பற்றி ஏதாவது சொல்வாரா என்பதையே கணித்துப் பார்க்கிறது. ஒன்றையுமே பார்க்காத பின்தொடர்பவர்கள் பத்தாயிரம் பேரை வைத்திருப்பதைவிட, அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் உண்மையாகவே பாய் தேடுகிற இருநூறு பேர் இருப்பது உனக்கு எவ்வளவோ மேல்.

பக்கத்தை நீயே திறந்துவிடு. அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. ஒரு பின்னேரப் பொழுது போதும். உன்னுடைய சொந்தக் கணக்கிலேயே வியாபாரத்தை நடத்தி விடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்யாதே. சொந்தக் கணக்கில் ஐயாயிரம் நண்பர்களுக்கு மேல் சேர்க்க முடியாது. அத்துடன், உன் குடும்பப் படங்களும் பாய் வாங்க வரும் அறிமுகமில்லாதவர்களும் ஒரே இடத்தில் இருப்பது நல்லதல்ல. பக்கம் யாருடைய கணக்கிலிருந்து திறக்கப்படுகிறதோ அவரிடமே முழு அதிகாரமும் இருக்கும் என்பதை மறந்துவிடாதே. எனக்குத் தெரிந்த ஒரு பலகாரக் கடைக்கு, பக்கத்தைத் திறந்து கொடுத்தவர் தன்னுடைய கணக்கிலேயே அதைத் திறந்துவிட்டார். அவருடன் மனத்தாங்கல் வந்தபோது, வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் இருந்த பக்கம் கடைக்காரரின் கையை விட்டே போய்விட்டது. உதவிக்கு ஒருவரை வைத்தால், அவருக்குக் கடவுச்சொல்லைக் கொடுக்காமல், அவருடைய கணக்குக்கு அளவான அனுமதியை மட்டும் கொடு. கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை முதல் நாளே இயக்கி வை. உன் பக்கம் விதிகளை மீறிவிட்டது, இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் இந்த இணைப்பை அழுத்தாவிட்டால் மூடப்படும் என்று பேஸ்புக் நிறுவனத்தின் பெயரில் செய்திகள் வரும். அவை கடவுச்சொல்லைத் திருடுவதற்காக அனுப்பப்படுபவை; அழுத்தாதே.

படங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொட்டுப் பார்க்க முடியாத ஒருவருக்கு உன் பாயைப் பற்றித் தெரிவது படத்தில் இருப்பது மட்டுமே. கைத்தறிச் சாரத்தையும் சேலையையும் மின்குமிழின் மஞ்சள் வெளிச்சத்தில் எடுத்தால் நீலம் பச்சையாகத் தெரியும், சிவப்பு மண்ணிறமாகத் தெரியும். வாங்கியவர் பொதியைப் பிரித்துப் பார்க்கையில் நாம் பொய் சொன்னதாகவே நினைப்பார். ஆகவே காலை வெயில் ஏறுமுன், முற்றத்து நிழலில், வெறும் நிலத்தில் விரித்து எடு. முழுப் பாய்க்கு ஒரு படம், சாயமிட்ட பன் கோத்த கோலம் தெளிவாகத் தெரியும்படி அருகில் இருந்து ஒன்று, ஓரம் எப்படி முடிக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு ஒன்று, பாயின் மேல் ஒரு குழந்தை அமர்ந்திருப்பது போல அளவு புரிகிற ஒன்று என்று எடுத்தால் பாதிக் கேள்விகள் கேட்கப்படாமலே தீர்ந்துவிடும். நீளத்தையும் அகலத்தையும் அடியில் எழுதிவிடு. கையால் இழைப்பதால் ஒன்றுக்கொன்று சிறிது வேறுபடும், சாயமிட்ட பாயை நனைக்கக் கூடாது என்பது போன்ற உண்மைகளை மறைக்காதே. இணையத்தில் அகப்படும் அழகான பாய்ப் படங்களை எடுத்து ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது ஏமாற்று என்பது மட்டுமல்ல, உங்கள் ஊர்க் கைகளை நாமே அவமதிப்பதாகவும் ஆகும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாமி பன்னைச் சீவி, காயவிட்டு, சாயத்தில் அவித்து, விரல்களால் கோத்து எடுப்பதை ஒரு நிமிடக் காணொளியாகப் போடு. பாய் இழைப்பதை நேரில் கண்டிராத இளம் தலைமுறை கொழும்பிலும் இருக்கிறது, ரொறன்ரோவிலும் இருக்கிறது. தங்கள் பாட்டியின் கைகளை நினைத்துக்கொண்டு அதைப் பார்ப்பார்கள். எங்கள் தறியில் பாவு ஓட்டுவதைக் காட்டிய காணொளிக்குக் கிடைத்த வரவேற்பு, மடித்து வைத்த சேலைப் படங்கள் எவற்றுக்கும் கிடைத்ததில்லை.

விலையைப் பதிவிலேயே எழுது. விலைக்கு இன்பொக்ஸ் வாருங்கள் என்று எழுதும் பழக்கம் நம் பகுதியில் நோய் போலப் பரவியிருக்கிறது. ஆளுக்கு ஒரு விலை சொல்லப் போகிறார்கள் என்ற ஐயத்தைத்தான் அது உண்டாக்குகிறது. தபாற் செலவு தனி என்றால் அதையும் எழுது. தமிழில் எழுதி, கீழே சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இரண்டிரண்டு வரி சேர். உகண, அம்பாறை நகரப் பக்கத்திலிருந்து வாங்குகிறவர்களும், அறுகம்பையில் விருந்தினர் விடுதி நடத்துகிறவர்களும் உன்னைக் கண்டுபிடிக்க அது வழியாகும்.

கேள்வி கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதற்கு வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியை வைத்துக்கொள். 2018 இல் வெளிவந்த இந்தச் செயலி இலவசமானது. பாய்களைப் படத்தோடும் விலையோடும் அடுக்கிக் காட்டும் பட்டியலை அதிலேயே அமைக்கலாம். அடிக்கடி வரும் கேள்விகளுக்குப் பதிலை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். பணம் செலுத்தியவர், இன்னும் அனுப்ப வேண்டியவர் என்று பெயர்களுக்கு அடையாளமும் இடலாம். ஒரே இலக்கத்தைச் சாதாரண வட்ஸ்அப்பிலும் இதிலும் ஒரு சேர வைத்திருக்க முடியாது என்பதால், வியாபாரத்துக்குத் தனி சிம் ஒன்றை எடுத்துவிடு. காலையில் ஒரு முறையும் இரவு சமையல் முடிந்தபின் ஒரு முறையும் இருந்து எல்லோருக்கும் பதில் எழுதினால் போதும், ஆனால் ஒருவரையும் விட்டுவிடாதே. குறை சொல்லி எல்லோருக்கும் தெரியக் கமென்ட் எழுதுகிறவரின் வார்த்தைகளை அழிக்காமல், அதே இடத்தில் மரியாதையாகப் பதில் எழுதிப் பாயை மாற்றிக் கொடு. அழித்தால் அவர் வேறு இடத்தில் இன்னும் உரத்துப் பேசுவார். மாற்றிக் கொடுத்தாலோ, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்கள் உன்னிடம் நம்பி வாங்குவார்கள்.

எப்போது பதிவு போடுவது என்று கேட்டிருக்கிறாய். நாள்தோறும் எதையாவது போட வேண்டும் என்று சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதே. லைக் போடுங்கள், பகிருங்கள், பரிசு வெல்லுங்கள் என்று கெஞ்சும் பதிவுகளைப் பின்தள்ளப் போவதாக பேஸ்புக் 2017 டிசெம்பரிலேயே அறிவித்துவிட்டது. அடுத்த மாதமே, நண்பர்களும் உறவினர்களும் எழுதுபவற்றுக்கு முதலிடம் கொடுத்து, வணிகப் பக்கங்களின் பதிவுகளைக் குறைத்துக் காட்டப் போவதாகவும் சொன்னது. ஆகவே கிழமைக்கு இரண்டு நல்ல பதிவுகள் போதும். அவை நம் ஊர் நாட்காட்டியோடு பொருந்தி வரட்டும். பொங்கலுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் வீட்டுக்குப் புதுப் பாய் வாங்குகிறவர்களை மூன்று கிழமைக்கு முன்னரே நினைத்துக்கொள். கதிர்காமப் பாதயாத்திரைக்காரர்கள் உங்கள் ஊர்க் கோயிலைத் தொட்டுத்தானே பொத்துவில், உகந்தை வழியாகக் காட்டுக்குள் போகிறார்கள்? தோளில் சுருட்டிக் கட்டிக்கொண்டு நடக்கக்கூடிய சிறிய பாயை அவர்களுக்கென்றே இழைத்து, அவர்கள் வடக்கிலிருந்து புறப்படும் காலத்திலேயே படம் போட்டால், வழியில் வாங்கிச் செல்ல வசதியாக இருக்கும். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குச் சித்திரவேலாயுத சுவாமி கோயிலுக்கு வரும் கூட்டத்துக்கு உன் வீடு எங்கே இருக்கிறது என்பதை அந்த வாரத்தில் வரைபடத்தோடு காட்டு. நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் முன்னர் அக்கரைப்பற்று, கல்முனை வாசகர்களுக்கு எழுது. மே மாதத்துக்கும் ஒக்டோபருக்கும் இடைப்பட்ட காலத்தில் அறுகம்பை வெளிநாட்டுப் பயணிகளால் நிரம்பி வழியும்போது, ஆங்கிலப் பதிவுகளைக் கூட்டலாம். அவசரம் காட்டாமல் இப்படி ஓராண்டை எழுதி முடித்துவிட்டால், அடுத்த ஆண்டு வேலை பாதியாகிவிடும்.

காசு கொடுத்து பூஸ்ட் செய்வதை, அதாவது ஒரு பதிவை விளம்பரமாக இன்னும் பலருக்குக் காட்டச் செய்வதை, நான் முற்றாக மறுக்கவில்லை. காசு கொடுக்காமலே நன்றாகப் பேசப்பட்ட ஒரு பதிவைத் தெரிந்தெடுத்து, அதற்கு மட்டும் சிறு தொகை ஒதுக்கு. எந்த ஊர்களில், எந்த வயதினருக்குக் காட்ட வேண்டும், எத்தனை நாள், எவ்வளவு செலவு என்பதையெல்லாம் நீயே முன்கூட்டித் தீர்மானிக்கலாம், இடையிலும் நிறுத்தலாம். லைக்குகளைக் கூட்டுவதை நோக்கமாக வைக்காமல், செய்தி அனுப்பச் செய்வதை நோக்கமாக வை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கைவிட, எத்தனை பேர் விலை கேட்டு எழுதினார்கள், அவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதைக் கொப்பியில் எழுதி வை. விளம்பரத்துக்குச் செலவிட்டது பாய் விற்றுக் கிடைத்த இலாபத்தை விழுங்குகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

இனி, நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். அந்தப் பக்கம் உனக்குச் சொந்தமானதல்ல. குத்தகைக்கு எடுத்த வயலில் செய்யும் வேளாண்மையைப் போன்றது அது. விளைச்சலை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்காமல் வரம்பிலேயே விட்டு வைக்கக் கூடாது. 2018 பெப்ரவரி இறுதியில், அம்பாறை நகரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உணவோடு கருத்தடை மாத்திரை கலக்கிறார்கள் என்ற பொய் இதே ஊடகங்களில்தான் பரவி, கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அந்த உணவில் இருந்தது வெறும் மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். அடுத்த கிழமை கண்டியில் வன்முறை மூண்டபோது அரசு பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் நாடு முழுவதும் தடுத்தது. 2019 ஏப்ரலில், மட்டக்களப்பில் நமது சீயோன் தேவாலயமும் குண்டுவெடிப்பில் தாக்கப்பட்ட அந்த உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு மறுபடியும் தடுத்தார்கள். 2022 ஏப்ரலில் பொருளாதார நெருக்கடியின் போராட்டங்களின்போது மீண்டும் ஒரு முறை. 2021 ஒக்டோபர் 4 ஆம் திகதியோ எந்த அரசும் தடுக்காமலே, நிறுவனத்தின் சொந்தக் கோளாறினால் பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் ஆறு மணித்தியாலம் வரை உலகம் முழுவதும் நின்றுபோயின. மூன்றும் ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதால், ஒன்று விழும்போது மற்ற இரண்டும் கூடவே விழக்கூடும். ஆதலால், வாங்கும் ஒவ்வொருவரின் பெயர், ஊர், தொலைபேசி இலக்கம், வாங்கிய பாயின் அளவு ஆகியவற்றை அவரிடம் கேட்டு, ஒரு கொப்பியில் எழுதி வை. அவர்கள் விரும்பினால் மட்டும், புதிய பாய்கள் வரும்போது ஒரு எஸ்எம்எஸ் அனுப்பு. எங்கள் கைத்தறிக்கு இன்று திரும்பத் திரும்ப வருகிறவர்களில் பெரும்பகுதியினர் நான் வைத்திருக்கும் அப்படியொரு கொப்பியில் இருப்பவர்கள்.

ஒன்றை மட்டும் நீ எழுதவில்லை, நானே கேட்கிறேன். பக்கத்தின் மூலம் கூடுதலாகக் கிடைக்கும் பணத்தில் பாய் இழைக்கும் பெண்களுக்கு எவ்வளவு சேரும்? இத்தனை காலமும் வீட்டு வாசலுக்கு வந்து குறைந்த விலைக்கு வாங்கிச் செல்லும் வியாபாரிகளே அவர்களுக்குரியதை எடுத்துக்கொண்டார்கள். அந்த இடத்தில் இனி நாம் நிற்கப் போகிறோம் என்றால் இந்தப் பக்கம் எதற்காக? கூலியை ஆரம்பத்திலேயே பேசி, விற்பனைக்குக் காத்திராமல் பாய் கைக்கு வந்ததும் கொடுத்துவிடுவதாக எழுதி வை. அவர்கள் சம்மதித்தால் மட்டும் அவர்களின் முகத்தையும் பெயரையும் பதிவிலே போடு. சம்மதிக்காதவருக்குக் கைகள் மட்டும் தெரிந்தால் போதும். ஒரு பாய்க்குப் பல நாள் உழைப்பு வேண்டும் என்பதையும் மறக்காமல், இழைக்கக்கூடியதற்கு மேல் முன்பதிவு எடுக்காதே. காத்திருக்க வேண்டும் என்று நேர்மையாகச் சொன்னால் மனிதர்கள் காத்திருப்பார்கள். எனக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் அந்த அனுபவம் நிறையவே உண்டு.

முதற் பதிவை வெளியிடுமுன் எனக்கு அனுப்பிவை. மகள் சிங்கள வரிகளைச் சரிபார்த்துத் தருவாள். அக்கரைப்பற்றுத் தபாலகத்தில் சுருட்டிய பாயை எந்த நீளம் வரை பொதியாக ஏற்றுக்கொள்கிறார்கள், பணம் பெற்றுக்கொண்டு பொருளை ஒப்படைக்கும் சேவையில் அதை அனுப்ப என்ன செலவாகும் என்பதையும் விசாரித்து எழுது. அந்த விபரம் தெரிந்தால் விலைப்பட்டியலை இருவருமாக இருந்து போட்டுவிடலாம்.

மாமிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் தோழி