குழாய் இருக்கு, சோப்பு எங்க?

ஆசிரியருக்கு வணக்கம்,

ஆஸ்பத்திரியில புள்ளைகளுக்கு ஒட்டிக்கிற தொற்று பத்தி போன வாரம் எழுதியிருந்தீங்க, நல்லாருந்துச்சு, ஆனா பார்க்க வர்ற சொந்தக்காரங்க மேலயே பாதிப் பழியையும் போட்டுட்டீங்களே.

நான் கம்பத்துக்காரி. என் தம்பி குடும்பம் குமுளிக்கு அங்கிட்டு ஏலத்தோட்டத்துல இருக்கு. தம்பி மகளுக்கு எட்டாம் மாசமே பிரசவமாகி, புள்ள ஒன்றரை கிலோ தான், மலைக்கு அந்தப்பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில சேத்தோம். தொப்புள் வழியா ஒரு டியூப், மூக்குல ஒரு டியூப். ஆறாம் நாள் பால் எறங்கல, ஒடம்பு சில்லுன்னு ஆகி துவண்டு கெடந்துச்சு. ரத்தத்துல கிருமி இருக்கான்னு பாக்குற கல்ச்சர் டெஸ்ட்ல கிளெப்சியெல்லாங்கிற கிருமின்னு வந்துச்சு. அட்மிட் ஆகி 48 மணி நேரம் தாண்டி வந்தா பெரும்பாலும் ஆஸ்பத்திரியில ஒட்டுனதுன்னு தான் கணக்காம். எடை கம்மி, குறைமாசம், டியூப், வென்டிலேட்டர், ரொம்ப நாள் படுக்கை, இதெல்லாம் சேந்தா கிருமிக்கு வழி தொறந்து விட்ட மாதிரின்னு டாக்டர் சொன்னாரு. சரி, புள்ள எடையை யாரு மாத்த முடியும், கை கழுவுறத மாத்தலாம்ல?

நான் உள்ள போறப்ப சிஸ்டர் "கை கழுகியோ?"ன்னு மலையாளத்துல, கை கழுவியாச்சான்னு கேட்டுச்சு, நல்ல புள்ள, ஒரே ஆளா எத்தனை தொட்டிலத்தான் பாக்கும், ஒன்னைத் தொட்டுட்டு அடுத்ததுக்கு ஓடுது. வாசல் பேசின்ல போயி பாத்தா சோப்பு டப்பா காலி, முழங்கையால தட்டுற குழாய் ஒடஞ்சு ஒரு கயித்தைக் கட்டி வச்சிருக்கு, கழுவுன கையால அந்த அழுக்குக் கயித்தத்தான் இழுத்து மூடணும். அப்புறம் எங்க கழுவுறது!

வியன்னாவுல செம்மல்வெய்ஸ்ங்கிற டாக்டர் 1847லயே கை கழுவ வச்சு பிரசவ வார்டுல சாவைக் கொறச்சிருக்காரு. உலக சுகாதார நிறுவனம் 2022ல சொன்ன கணக்குப்படி ஆஸ்பத்திரியில சேர்ற 100 பேர்ல பணக்கார நாட்டுல 7 பேருக்கு, நம்மள மாதிரி நாடுகள்ல 15 பேருக்கு இந்தத் தொற்று வருதாம். இங்க வார்டு வாரியா எத்தனைன்னு போர்டுல எழுதிப் போட்டா என்ன?

புள்ள தப்பிச்சுருச்சு, மார்ல ஒட்ட வச்சே வளத்தோம். போன செவ்வாக்கெழம செக்கப்புக்கு போனோம், அந்தக் குழாய்ல அதே கயிறு தான் தொங்குது.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கம்பம்