அந்தப் பெண்ணைத் தனியாகக் கேளுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்காபரோவில் பெருகிவிட்ட கஞ்சாக் கடைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை முழுக்க எங்கள் பொடியன்மாரை நினைத்தே கவலைப்பட்டது. நியாயமான கவலைதான். ஆனால் வயிற்றில் பிள்ளையோடு அதே கடைக்குப் போகும் பெண்ணைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ரொறன்ரோவில் மகப்பேற்று விடுதியில் பல காலம் தாதியாக வேலை செய்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

எங்கள் பெண்கள் அதைத் தொடமாட்டார்கள் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தொடுகிறார்கள். குடித்த தண்ணீரும் வயிற்றில் நிற்காமல் சத்தி எடுப்பவளும், இரவிரவாக நித்திரை இல்லாதவளும், "குளிசை பிள்ளைக்குக் கூடாது, இது மூலிகைதானே" என்று நினைக்கிறார்கள். 2018 ஒக்டோபர் 17 முதல் கனடாவில் சட்டப்படி விற்பதால், கெடுதல் என்றால் அரசாங்கம் விட்டிருக்குமா என்ற எண்ணமும் சேர்ந்துவிட்டது. கடையில் கேட்டுத் தெளியலாம் என்று பார்த்தால் அதுவும் ஆபத்து. அமெரிக்காவின் கொலராடோவில் எட்டு வாரக் கர்ப்பிணிபோலப் பேசி ஆய்வாளர்கள் 400 கடைகளுக்குத் தொலைபேசி எடுத்தார்கள். வாந்திக்குக் கஞ்சா நல்லது என்று 69 சதவீதமான கடைகள் சொல்லின.

எங்கள் மாகாணக் கணக்கும் இருக்கிறது. ஒன்ராறியோவில் 2012 முதல் 2017 வரை 6 இலட்சத்து 61 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளின் பதிவுகளைப் பார்த்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. கஞ்சா பாவித்ததாகச் சொன்னவர்களில் 12 சதவீதமானோருக்குக் குறைமாதப் பிரசவம், மற்றவர்களில் 6.1. சிகரெட், மது போன்றவற்றிலும் ஒத்திருந்தவர்களை மட்டும் எடுத்து ஒப்பிட்டபோது இடைவெளி சுருங்கியது, ஆனால் போகவில்லை: 10.2க்கு 7.2. இன்குபேட்டர் கண்ணாடிக்கு வெளியே வாரக்கணக்காக நின்ற தாய்மாரைப் பார்த்தவளுக்கு அந்த மூன்று சதவீதம் சின்ன எண் அல்ல.

கஞ்சாவின் போதைச் சத்தான ரி.எச்.சி. நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும். கொழுப்பில் தங்கும் சத்து என்பதால் தாய்ப்பாலில் ஆறு நாள் வரைக்கும் கண்டிருக்கிறார்கள். இன்னொன்றைப் பலர் அறியமாட்டார்கள்: நெடுநாள் பாவிப்பவர்களுக்குக் கஞ்சாவே ஓயாத வாந்தியைக் கொண்டுவரலாம். சுடுதண்ணீரில் குளித்தால் சற்று அடங்கும். கர்ப்பிணிக்கு அப்படி வந்தால் மசக்கை என்று எண்ணி இன்னும் கூட எடுப்பாள். மாதவிடாய் வலிக்காக எடுப்பவர்களின் கதை வேறு. அவர்களும் பிள்ளைக்கு முயலும்போது டொக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

கர்ப்பகால வாந்திக்கென்றே இந்த நாட்டில் டைக்ளெக்டின் என்ற குளிசை இருக்கிறது. விற்றமின் பி6உம் டொக்சிலமீனும் சேர்ந்தது. டொக்டரிடம் வாய்திறந்து கேட்டால் எழுதித் தருவார். வாய்திறக்க விடுகிறோமா என்பதுதான் என் கேள்வி. சிகரெட், மது, கஞ்சா ஏதாவது பாவிக்கிறீர்களா என்று டொக்டர் கேட்பார். அதைத் தமிழில் மொழிபெயர்ப்பது பக்கத்தில் இருக்கும் மாமியார், இல்லாவிட்டால் கணவன். எந்தப் பிள்ளை அங்கே "ஓம்" என்று சொல்லும்? குடும்பத்தவர் வெளியே இருக்க, அந்தப் பெண்ணைத் தனியாகக் கேட்க வேண்டும். மொழி தெரியாவிட்டால் வேறொரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். மாமிமாரே, நீங்களே எழுந்து வெளியே போய் இருங்கள். அது அவளுக்கும் பேரப்பிள்ளைக்கும் செய்யும் உதவி.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் பாவிக்கக்கூடாது என்ற எச்சரிக்கை கஞ்சாப் பொதிகளில் வருகிறது, ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும். சிநேகிதி ஒருத்தி கையில் வைக்கும் கஞ்சா கலந்த கம்மி மிட்டாயோடு எந்த எச்சரிக்கையும் வராது.

ஆகவே உங்கள் பத்திரிகை இதைத் தமிழில் சொல்ல வேண்டும். ஏசி எழுத வேண்டாம். ஏசினால் அவள் இன்னும் ஒளிப்பாள். ஏற்கெனவே எடுத்தவள் இன்றைக்கு நிறுத்தினாலும் பிள்ளைக்கு நல்லது என்பதை முதலில் போடுங்கள். மகப்பேற்று டொக்டர் ஒருவரைக் கொண்டு கேள்வி பதில் பகுதி தொடங்குங்கள், பெயர் போடாமல் கேள்வி அனுப்பவும் இடம் விடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்,
ஸ்காபரோ