பின்னல் கூடத் திருப்பணி நிறைவு அறிக்கை

சங்க அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உப்புவெளியில் உள்ள எங்கள் பனையோலைப் பின்னல் கூடத்தின் திருப்பணி நிறைவடைந்துவிட்டது. தரை, கூரை, ஓலைப் பரண், அவியல் அடுப்பு, சாயம் போடும் இடம், மழைநீர்த் தாங்கி எல்லாம் பாவனைக்கு ஆயத்தமாக உள்ளன. வேலை நடந்த காலத்திலேயே பயிற்சிப் பட்டறைகளும் இடைவிடாமல் நடந்தன. எதை ஏன் அப்படிச் செய்தோம், கூடத்தை இனி எப்படிப் பாவிக்க வேண்டும் என்பதை அங்கத்தவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று இதை எழுதுகிறோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் பற்றுச்சீட்டுகளோடு பொதுக்கூட்டத்தில் சமர்ப்பிப்பார்.

ஓலை வேலைக்குப் பெரும் பகை ஈரம். திருகோணமலையில் ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக்காற்றோடு மாரி மழை. மழை இல்லாத நாளிலும் கடற்காற்றில் உப்பு உண்டு. உப்புப் படிந்த ஓலை காற்றில் இருக்கிற ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஆவணியில் வெள்ளையாகக் கட்டி வைத்த குருத்தோலை மார்கழியில் கரும்புள்ளி விழுந்து கிடப்பது இதனால்தான். அந்தப் புள்ளி பார்வைக்கு மட்டும் பழுது என்று நினைக்கக் கூடாது. பூஞ்சணம் நாரைத் தின்றுவிடுவதால் மடிக்கிற இடத்தில் வார் (இழைப்பதற்காகக் கிழித்த ஓலைக் கீற்று) முறியும். பழைய கொட்டிலில் நிலமும் கூரையும் இரண்டு பக்கமும் ஈரம் தந்தன. ஆகவே ஓலைக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்டு, அதன் பிறகே மேசனையும் ஓடாவியையும் கூப்பிட்டோம்.

தரையும் கூரையும்

கூடம் 30 அடி நீளம், 20 அடி அகலம். தரையை வெளி நிலத்திலிருந்து 18 அங்குலம் உயர்த்தியிருக்கிறோம். கிரவல் நிரப்பித் தண்ணீர் விட்டு இறுக்கி, அதன்மேல் தடித்த பொலித்தீன் விரித்து, அதற்குமேல் கொங்கிரீட் போட்டோம். பொலித்தீன் இல்லாவிட்டால் மணல் நிலத்தின் ஈரம் கொங்கிரீட் வழியாக மெல்ல மேலே ஏறும். இழைப்பவர்கள் காலை நீட்டித் தரையில் இருந்து வேலை செய்கிறவர்கள். அந்த ஈரம் ஓலைக்கும் ஆகாது, முழங்காலுக்கும் ஆகாது.

கூரைக்கு ஓடுதான் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்தோம். தகரம் செலவு குறைவு. ஆனால் இரவில் குளிர்ந்து அடிப்பக்கம் வியர்க்கும், அந்தத் துளி நேரே பரணில் விழும். கிடுகும் பனையோலையும் குளிர்ச்சி தரும் என்றாலும், அவியல் அடுப்பு இருக்கிற கூரைக்குக் கீழே அவை நெருப்புக்குப் பயம். வளையும் கைமரமும் பனை. முற்றிய மரத்தின் வைரம் கறையானுக்கு எளிதில் இடம் கொடுக்காது. நடுவில் இருக்கிற மென்மையான சோற்றி உடனே உக்கும். அதனால் ஒவ்வொரு துண்டிலும் சோற்றியைச் செதுக்கி எடுத்துவிட்டுத்தான் ஏற்றினோம். பனை தறிக்க அனுமதி வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். பழைய கொட்டிலின் நல்ல மரங்களையும் திரும்பப் பாவித்தோம். தாழ்வாரம் நான்கு புறமும் 3 அடி வெளியே நிற்கிறது. வாடை மழை நேராக விழுவதில்லை, சாய்ந்து அடிக்கும்; இரண்டடித் தாழ்வாரம் வடகிழக்குச் சுவரைக் காக்காது.

ஓலைப் பரண்

இந்தத் திருப்பணியில் நாங்கள் மிகக் கவனம் எடுத்த இடம் இது. தரையிலிருந்து 8 அடி உயரத்தில், சுவரிலிருந்து 6 அங்குலம் தள்ளி, சிலாகைகளுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டுப் பரண் அமைத்திருக்கிறோம். சுவரோடு சேர்த்துப் பரண் போட்டால் சுவரின் ஈரம் ஓலையின் ஓரத்தில் தொடங்கி உள்ளே போகும். அடுப்புப் புகை பரணின் கீழால் போய் மறுபக்கக் கூரை முகட்டால் வெளியேறும்படி வழி விட்டிருக்கிறோம். மெல்லிய புகை ஈரத்தையும் பூச்சியையும் தள்ளி வைக்கும். கரும்புகை படிந்தால் ஓலை மங்கிவிடும். ஈர விறகு எரிக்கக் கூடாது என்பது அதனால்தான்.

பரணில் ஏற்றும் ஓலை முதலில் சரியாகக் காய்ந்திருக்க வேண்டும். குருத்தை வடலியிலிருந்து (இளம் பனையிலிருந்து) வெட்டும்போது மரத்துக்கு ஒன்றுதான், அடுத்த குருத்து விரிந்த பின்னரே மறுபடி. ஒரே மரத்தில் அடுத்தடுத்து வெட்டினால் வளர்ச்சி தடைப்படும், வருகிற ஓலையும் குட்டையாகும். வெட்டிய அன்றே விரித்து ஈர்க்கை எடுத்துவிட்டால் ஓலை சுருளாமல் காயும். காலை வெயிலில் விரித்து, உச்சி வெயிலில் நிழலுக்கு எடுத்து, இரவில் பனி படவிட்டு, நாலைந்து நாள் இப்படிச் செய்தால் பச்சை போய் வெண்மை வரும். பனி பட்ட ஓலையை அடுத்த காலையில் காயவிடாமல் அப்படியே அடுக்குவதுதான் கெடுதி. காய்ந்த ஓலையைக் கையில் உலுக்கினால் சரசரவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் இல்லாத ஓலைக்கட்டைப் பரணில் ஏற்ற வேண்டாம். கட்டுகள் ஒரு சாண் தடிப்புக்கு மேல் போகவும் கூடாது. தடித்த கட்டின் நடு ஓலைக்குக் காற்றுப் படாது.

மழைக்குப் பயந்து பொலித்தீனால் மூடும் பழக்கத்தை எல்லோரும் விட்டுவிட வேண்டும். பொலித்தீனுக்குள் ஓலை வியர்க்கும். மூட வேண்டுமென்றால் பழைய பாய் போதும்.

அவியலும் சாயமும்

அடுப்பு இரண்டு: ஒன்று வெறும் அவியலுக்கு, மற்றது சாயத்துக்கு. பானைகளை ஒருபோதும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பாவிக்கக் கூடாது. சாயப் பானை எவர்சில்வர். ஓலையில் துவர்ப்புச் சத்து உண்டு. இரும்புப் பானையில் அவித்தால் அந்தத் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து ஓலையைச் சாம்பல் நிறமாக்கும். சாயவேர், மஞ்சள் போன்ற இயற்கைச் சாயம் போடுவோர் இதை இன்னும் கவனிக்க வேண்டும். மஞ்சளுக்கு இன்னொரு கெடுதி சவர்க்காரம்: சவர்க்காரம் பட்ட கையாலோ வாளியாலோ தொட்டால் மஞ்சள் செம்மையாக மாறும்.

கடையில் வாங்கும் சாயத்துக்கு அளவு இது. 1 கிலோ காய்ந்த ஓலைக்கு 20 லீற்றர் தண்ணீர், நிறத்தின் ஆழத்துக்கேற்ப 10 முதல் 20 கிராம் சாயத்தூள். முதலில் சாயம் இல்லாத தண்ணீரில் 20 நிமிடம் ஓலையை அவித்து அந்த மஞ்சள் நீரை வெளியே ஊற்றிவிட வேண்டும். ஓலையின் மேல் இருக்கிற மெழுகும் சாறும் போனால்தான் சாயம் ஒரேயளவாகப் பிடிக்கும். தூளைச் சிறிது வினாகிரியில் குழைத்து, சுடுதண்ணீர் விட்டுக் கரைத்து, துணியால் வடித்துப் பானையில் ஊற்றுங்கள். வடிக்காமல் ஊற்றினால் கரையாத துகள் ஒட்டிய இடமெல்லாம் கடும்புள்ளி. இளஞ்சூட்டில் ஓலையை இறக்கி, மெல்லச் சூடேற்றி, கொதி வந்தபின் அரை மணி நேரம் விட்டு, அந்தத் தண்ணீரிலேயே ஆறவிட வேண்டும். கொதிக்கிற சாயத்தில் ஓலையைப் போட்டால் முதலில் தொட்ட இடம் முழுச் சாயத்தையும் குடித்துவிடும். மறுபக்கம் வெளிறிக் கிடக்கும். பிறகு நிறம் கழிவது நிற்கும் வரை அலசி நிழலில் காயவிடுங்கள். இந்தச் சாயங்கள் வெயிலில் விரைவாக மங்குபவை. விற்பனைக்கு வைக்கும்போதும் வெயில் படாமல் வைக்க வேண்டும்.

கடலோரக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. அதில் சாயம் திரண்டுவிடும். மழைநீர்த் தாங்கி வைத்ததற்கு முதற்காரணம் இதுதான். தாழ்வாரத்தோடு கூரையின் கிடைப்பரப்பு ஏறத்தாழ 87 சதுர மீற்றர். 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் 870 லீற்றர் வரும். தாங்கி 1000 லீற்றர் கொள்ளும். நீண்ட வெயிலுக்குப் பிறகு வருகிற முதல் மழையில் ஓட்டுத் தூசும் உப்பும் கழுவி வரும், அதைக் கூரைப் பீலியின் குழாயைத் திருப்பி வெளியே விட வேண்டும். சாயக் கழிவுநீர் கிணற்றுக்கு எதிர்ப்பக்கம் உள்ள கல் நிரப்பிய குழிக்குள் மட்டுமே போகலாம். சாயத்தூள் கலக்கும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். அவை அடுப்புக்கு அருகே உள்ள அலுமாரியில் இருக்கின்றன.

சாயம் போட்ட ஓலை பிட்டு அவிக்கும் நீற்றுப்பெட்டிக்கும் இடியப்பத்தட்டுக்கும் சுளகுக்கும் ஆகாது. அழகுக்காக ஒரு வார் சேர்க்கலாமா என்று வாங்குவோர் கேட்பார்கள். ஆவியில் அந்தச் சாயம் பிட்டுக்குள் இறங்கும். இந்த விடயத்தில் சங்கம் யாருக்கும் விட்டுக்கொடுக்காது.

பட்டறைகள்

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் வகுப்பு இழைப்பு அல்ல, ஓலை வார்தல். சத்தகத்தை (ஓலை வாரும் சிறு கத்தியை) பிடிக்கவும், ஒரே அகலத்தில் வாரவும் கை பழகாமல் பெட்டிக்குப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வர வேண்டியிருக்கிறது. ஒரு வார் அரை மில்லிமீற்றர் கூடினாலும் 24 வாரில் அது 12 மில்லிமீற்றர். பெட்டி ஒரு பக்கம் சாய்வதற்கு இதுவே போதும். ஒரே அகலத்துக்காக, மரக்கட்டையில் இரண்டு பிளேடுகளை 1 சென்ரிமீற்றர் இடைவெளியில் இறுக்கிய வார்கட்டைகள் செய்து வைத்திருக்கிறோம். பழகியவர்களுக்கு அது தேவையில்லை, தொடக்கக்காரருக்கு உதவும்.

இரண்டாவது தடுக்கு (சிறு பாய்). ஒன்றுவிட்டு ஒன்று, பிறகு இரண்டுவிட்டு இரண்டு. அதன்பின் நாற்சதுர அடிப் பெட்டி. கணக்கு எல்லோர் கையிலும் இருக்கட்டும்: 1 சென்ரிமீற்றர் வார் நெடுக்கில் 24, குறுக்கில் 24 இட்டால் 24 சென்ரிமீற்றர் சதுரத் தடுக்கு வரும். பெட்டியின் மூலை அந்தத் தடுக்கின் மூலையில் வராது, ஒவ்வொரு பக்கத்தின் நடுவில் வரும். நடுவில் உள்ள இரண்டு வார்களும் ஒன்றையொன்று கடந்து மேலே திரும்பும் இடம்தான் மூலை. அதனால்தான் வார்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். பெட்டி அடியின் ஒரு பக்கம் ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர் வரும். 12 சென்ரிமீற்றர் உயரத்துக்கு, விளிம்பு மடிக்கவும் சேர்த்து, வார் 75 சென்ரிமீற்றர் நீளம் வேண்டும். நடுவை எண்ணாமல் கண்ணளவில் மூலை திருப்பினால் நாலாவது மூலை சேராது; அதை இழுத்துச் சேர்க்கப் பார்த்தால் வார் கிழியும். அவிழ்த்துவிட்டு எண்ணுவதுதான் வழி.

ஈரத்தின் அளவு இன்னொரு பாடம். முற்றாகக் காய்ந்த வார் மடிப்பில் வெடிக்கும். தண்ணீரில் ஊறிய வார் இணக்கமாக இருக்கும், ஆனால் காய்ந்ததும் அகலம் சுருங்கிப் பின்னலில் கண் கண்ணாக இடைவெளி தெரியும். ஈரத்துணியில் சுற்றி ஒரு மணி நேரம் வைத்தால் போதும். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் வார் உடனே காய்ந்துவிடும், பகலில் இழைக்கவே முடியாது. பட்டறையைக் காலை 6 மணிக்கும் மாலையிலும் வைத்தது அதனால்தான்.

கடகப் பட்டறைக்குச் சம்பூர், கட்டைபறிச்சான் பக்கமிருந்தும் வந்திருந்தார்கள். கடகம் என்பது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பெட்டி: உள்ளே குருத்தோலை, வெளியே தடித்த சாரோலை. உட்பெட்டி வெளிப்பெட்டியை நெருக்கமாகத் தொட வேண்டும். தளர்ந்தால் பாரம் முழுவதும் உட்பெட்டியில் விழுந்து மூலை பிய்யும். வாய் பொத்துவதற்கு (விளிம்பை நாரால் சுற்றித் தைப்பதற்கு) பச்சை மட்டையின் நார் வேண்டும். மட்டை ஓரத்துக் கருக்கைச் சீவி, மட்டையைப் பிளந்து, மேற்தோலோடு சேர்ந்த நாரை உரித்து, பாவிக்குமுன் நனைத்து இணக்கமாக்க வேண்டும். பொத்தி முடிந்ததும் நாரின் நுனியை உடனே முடிய வேண்டாம். ஒரு நாள் காயவிட்டு, குத்தூசியால் ஒவ்வொரு சுற்றாக இறுக்கிக் கொண்டுபோய் முடிந்தால் வாய் தளராது. நெல்லும் மண்ணும் சுமக்கிற கடகம் முதலில் பழுதாவது வாயில்தான், ஆகவே விலை பேசும்போது இந்த வேலைக்குரிய கூலியைக் குறைக்க வேண்டாம்.

தம்பலகாமப் பக்கத்துச் சதுப்பில் இருந்து வந்த பன் புல்லைக் கொண்டு ஒரு சிறு பாய்ப் பட்டறையும் நடந்தது. பன் புல் ஓலையைவிட வேகமாக ஈரம் குடிக்கும் என்பதால் அதற்குப் பரணில் மேற்குப் பக்கத்தைத் தனியே ஒதுக்கியுள்ளோம். ஓலைக் கட்டுகளோடு கலந்து வைக்க வேண்டாம்.

கோயில்களுக்கான பூக்கூடையும் அர்ச்சனைத் தட்டும் இழைக்கும் குழு தொடர்ந்து வேலை செய்கிறது. அவற்றில் வேண்டப்படுவது பலத்தைவிட அடியின் சமன். தேங்காய் வைத்தால் உருளக் கூடாது. அடியில் ஈர்க்கைக் குறுக்காக வைத்துத் தைப்பதை எல்லோருக்கும் காட்டியாயிற்று.

இனிச் செய்ய உள்ளவை

தெற்குப் பக்க யன்னலுக்கு வலை அடிக்க வேண்டும், பீலியின் ஒரு மூட்டு இறுக்க வேண்டும். இரண்டும் மாரிக்கு முன் முடியும். பரண் மாதத்துக்கு ஒருமுறை இறக்கி ஏற்றப்படும். மாரி மாதங்களில் பத்து நாளைக்கு ஒருமுறை. முறைப் பட்டியல் கதவுக்கு உட்புறம் ஒட்டப்பட்டுள்ளது, பெயர் இல்லாதவர்கள் செயலாளரிடம் சொல்லிச் சேர்த்துக்கொள்ளுங்கள். சத்தகம், குத்தூசி, வார்கட்டை எதையும் கூடத்துக்கு வெளியே கொண்டுபோவதாக இருந்தால் கொப்பியில் எழுதிவிட்டு எடுங்கள். அடுத்த குருத்து வெட்டு மாசி நடுப்பகுதியில், மழை முற்றாக விட்ட பின் தொடங்கும். வடலிக்காணி உரிமையாளர்களோடு பேசியவர்கள் எந்தக் காணியில் எத்தனை மரம் என்ற கணக்கைத் தை மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

நிர்வாக சபையும் திருப்பணிக் குழுவும்